குரங்கு தாவுற ஷாட்டுக்கு ரெண்டு நாள் போதும்னு யார் சொன்னது?

"குரங்குதானே தாவுது, வசனம்கூட இல்ல, ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துடுங்க." கம்ப்யூட்டர்ல அனிமேஷன் பண்ற எனக்கு, க்ளையன்ட்டுங்க இப்படிச் சொல்றதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

வசனம் இல்லாததுதாங்க கஷ்டமே! ஒரு ஆளு நாற்காலியில உட்கார்ந்து பேசுறான்னா வாயும் புருவமும் ரெண்டு கையும் சேர்ந்து ஷாட்டை ஒப்பேத்திடும். குரங்குக்கு அப்படி இல்ல. விரல் நுனியில இருந்து வால் நுனி வரைக்கும் உடம்பு மொத்தமும் நடிக்கணும். ஒவ்வொன்னும் தனித்தனி நேரத்துல கிளம்பணும், தனித்தனி நேரத்துல அடங்கணும். ஆனா கூலி மட்டும் ரெண்டுக்கும் ஒன்னு, செகண்டுக்கு இவ்வளவுன்னு. உட்கார்ந்து பேசுற 5 செகண்டும் மரத்துக்கு மரம் பாயுற 5 செகண்டும் ஒரே விலை. இது என்ன நியாயம்?

இப்ப கையில இருக்கிறது குழந்தைகளுக்கான ஒரு கதை வீடியோ. ஏற்காட்டு காபி எஸ்டேட்ல நடக்குற கதை, நாயகன் ஒரு நாட்டுக்குரங்கு. க்ளையன்ட்டும் சேலத்துக்காரர்தான். அஸ்தம்பட்டியில வண்டியை எடுத்தா கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவுச் சுவர் மேல குரங்கு உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்காத சேலத்துக்காரன் உண்டா? அப்படிப்பட்ட ஊர்ல இருந்து வர்ற ஸ்டோரிபோர்டுல, அதாவது ஷாட் ஷாட்டா வரைஞ்சு குடுக்குற படக்கதையில, என்ன இருக்கு தெரியுமா? குரங்கு வாலைக் கிளையில சுத்தி, தலைகீழாத் தொங்கிக்கிட்டுப் பழம் பறிக்குது!

நம்ம குரங்கோட வால் உடம்பு நீளத்துக்கு இருக்கும், பலதுக்கு அதைவிட நீளம். ஆனா அது எதையும் பிடிக்குற வால் கிடையாது. வாலாலயே தொங்குறது சிலந்திக் குரங்கு, ஊளைக் குரங்கு மாதிரி அமெரிக்கக் கண்டத்துக் காடுகள்ல இருக்கிற சில இனங்கள் மட்டும்தான். அடுத்த பக்கத்துல கை மாத்திக் கை மாத்திக் கிளையில ஊஞ்சலாடிப் போகுது. அது கிப்பன்ங்கிற வாலில்லாக் குரங்கோட வேலை. நம்ம நாட்டுல கிப்பனைப் பார்க்கணும்னா அசாம் பக்கம் போகணும். நம்ம குரங்கு கிளை மேல நாலு காலால ஓடும், பின்னங்காலால உந்தித் தாவும். இதைச் சொன்னா வர்ற பதில், "குழந்தைங்களுக்கு என்ன தெரியப் போகுது?" ஏங்க, லேக் பக்கம் கையில இருந்த பொரி பாக்கெட்டைக் குரங்குகிட்டப் பறிகொடுத்துட்டு அழுத குழந்தைக்குத் தெரியாதா? குழந்தைக்குன்னா எதை வேணா குடுக்கலாங்கிற நினைப்பு இருக்கே, அதுதான் எனக்கு அடிவயித்துல இருந்து எரியுது.

சரி, வாலை விடுவோம். அடுத்த கரெக்‌ஷன்: "தாவுறது வேகமாப் போயிடுது, கொஞ்சம் ஸ்லோவா, அழகாத் தெரியுற மாதிரி 2 செகண்டுக்கு இழுத்து விடுங்க."

எதை இழுக்கச் சொல்றீங்க? ரோட்டோரச் சுவர் ஒன்னேகால் மீட்டர் உயரம்னு வைங்க. அங்க இருந்து எது விழுந்தாலும், குரங்கோ பூசணிக்காயோ, தரைக்கு வர அரை செகண்டு. செகண்டுக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம்ங்கிற கணக்குல 12 ஃப்ரேம். அதுலயும் முதல் 6 ஃப்ரேம்ல 30 சென்டிமீட்டர்தான் இறங்கும், மிச்ச 6 ஃப்ரேம்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. அந்த இடைவெளி விரிஞ்சுக்கிட்டே போறதாலதான் பார்க்கிறவனுக்கு எடை தெரியுது. 2 செகண்டுல விழுற உயரம் கிட்டத்தட்ட 20 மீட்டர், ஆறு மாடிக் கட்டடம். ஒன்னேகால் மீட்டர் சுவரை 2 செகண்டுல இறங்குற குரங்குக்கு எடையே இருக்காது. அப்புறம் அதே வாய், "ஏதோ பலூன் மிதக்குற மாதிரி இருக்கே, வெயிட் இல்லையே"ன்னு எங்கிட்டயே கேட்கும். போன வாரம் அதுதான் நடந்தது.

நேரம் வேணும்னா தாவுறதுக்கு முன்னாடி குடுங்க, இறங்கினதுக்கு அப்புறம் குடுங்க. அங்கதான் குரங்கே இருக்கு. சுவர் மேல உட்கார்ந்திருக்கிற ஒரு கடுவனைப் பாருங்க. முதல்ல கண்ணு இறங்க வேண்டிய இடத்துக்குப் போகும். உடம்பு அசையாது. அப்புறம் தலை. பின்னங்கால் ரெண்டும் சுவர் விளிம்புக்கு நகரும், விரல் விளிம்பை மடிச்சுப் பிடிக்கும். இடுப்பு தாழும், முட்டி ரெண்டும் விலாவுக்கு வெளியில மடங்கும். ஒரு நொடி தயங்கும். சில சமயம் வேண்டாம்னு திரும்ப உட்கார்ந்துடும்! அப்புறம்தான் உந்துதல். கை தரையைத் தொட்டதும் முழங்கை மடியும், தோள்பட்டை எலும்பு ரெண்டும் முதுகுக்கு மேல எழும்பும், முதுகு வில்லா வளையும், பின்னங்கால் கைக்குப் பக்கத்துல வந்து ஊனும். வால் கடைசியா வந்து தரையில விழும். அது விழுறதுக்குள்ள தலை அடுத்த திசைக்குத் திரும்பியிருக்கும். ஸ்டோரிபோர்டுல இதுக்கெல்லாம் குடுத்திருக்கிறது ஒரு அம்புக்குறி.

கிளையில இறங்கினா இன்னும் மோசம். ஆறேழு கிலோ வந்து விழுந்தா கிளை தாழணும், தாழ்ந்து திரும்ப எழும்பணும், பிடிச்ச கை அதோடயே போகணும், உடம்பு கொஞ்சம் பிந்திப் போகணும். கை காத்துல இருக்கும்போது எஃப்கே (தோள்ல இருந்து மூட்டு மூட்டாத் திருப்புறது), கிளையைப் பிடிச்ச நொடியில ஐகே (கையை ஒரு இடத்துல நிறுத்தினா முழங்கை தானா மடியுறது). மாத்துற அந்த ஃப்ரேம்ல முழங்கை வெடுக்குனு துள்ளும். அதைச் சரி பண்ண, அசைவைக் கோடாக் காட்டுற கிராஃப் எடிட்டர்ல ஒவ்வொரு வளைவா உட்கார்ந்து இழுக்கணும். விடியக்காலை வரைக்கும் ஒரே ஒரு முழங்கையோட மல்லுக்கட்டின ராத்திரிகள் எனக்கு உண்டு. யாரும் அதுக்குத் தனியாக் காசு தர்றதில்ல.

இதுல ரிக்கைப் பத்தி, அதாவது உருவத்தை அசைக்க உள்ள வைக்கிற எலும்புக்கூடு, கன்ட்ரோல் பத்திச் சொல்லியே ஆகணும். செலவு மிச்சம்னு மனுஷ ரிக்கை எடுத்து, கையை நீட்டி, ஒரு வாலை ஒட்டி அனுப்பியிருக்காங்க. மனுஷனுக்குத் தோள்பட்டை எலும்பு முதுகுல இருக்கு. குரங்குக்கு அது விலாவோட பக்கவாட்டுல இருக்கு, நடக்கும்போது முன்னும் பின்னும் வழுக்கும். அந்த அசைவுக்கு ரிக்ல கன்ட்ரோலே இல்லாம நான் என்ன பண்ண? என்ன பண்ணாலும் குரங்கு வேஷம் போட்ட ஆளு தவழுற மாதிரிதான் வரும். "அப்ப நாயோட வாக் சைக்கிள் ஒன்னு இருக்கு, அதைப் போட்டுக்கோங்க"ன்னு அடுத்த யோசனை. (வாக் சைக்கிள்னா திரும்பத் திரும்ப ஓட்டுற மாதிரி செஞ்சு வெச்ச நடை.) நாய், பூனை நடக்குறப்ப இடது பின்னங்கால் ஊனினதும் அடுத்து இடது முன்னங்கால் ஊனும். குரங்கு பெரும்பாலும் மாத்தி வைக்கும், இடது பின்னங்காலுக்கு அடுத்து வலது கை. காரணம் சொல்லத் தெரியாட்டியும் ஏதோ தப்புன்னு பார்க்கிறவன் கண்ணுக்குப் பட்டுடும்.

அதுக்குத்தான் ரெஃபரன்ஸ், அதாவது பார்த்துப் பண்ண நிஜக் குரங்கோட வீடியோ எடுக்கணும்னு கேட்டேன். எஸ்டேட் பக்கம், சில்வர் ஓக் மரமும் மிளகுக் கொடியுமா இருக்கிற இடத்துல போய் நின்னா நிஜத் தாவல் கிடைக்கும். ரோட்டோரக் குரங்குகளை வர்றவன் போறவன் சிப்ஸ் போட்டுக் கெடுத்து வெச்சிருக்கான், அதுங்க பாதி நாள் உட்கார்ந்தேதான் இருக்கு. (போடாதீங்கன்னு போர்டு வெச்சும் போடுறவங்களைப் பத்தித் தனியாவே ஒரு பதிவு எழுதலாம்.) போன்லயே செகண்டுக்கு 240 ஃப்ரேம்ல எடுத்தா 10 மடங்கு மெதுவா ஓட்டிப் பார்க்கலாம். ஒரு நாள் போதும். அதுக்கு வந்த பதில், "நீங்க ஏற்காடு சுத்திப் பார்க்கிறதுக்கு நாங்க காசு தரணுமா?"

கண்ணால பார்த்தாப் போதாதான்னு வேற கேட்டாங்க. போதாது! குதிரையை விடவா குரங்கைப் பார்த்திருக்கோம்? நூத்தாண்டுக் கணக்கா ஓவியர்கள் ஓடுற குதிரையை முன்னங்காலை முன்னாடியும் பின்னங்காலைப் பின்னாடியும் நீட்டிப் பறக்குற மாதிரி வரைஞ்சாங்க. 1878-ல மைபிரிட்ஜ்ங்கிற போட்டோகிராஃபர் வரிசையாக் கேமரா வெச்சுப் படம் எடுத்தப்பதான் தெரிஞ்சுது, நாலு குளம்பும் தரையை விட்டு எழும்புறது கால் எல்லாம் வயித்துக்குக் கீழ மடங்கி இருக்கிறப்பன்னு. கூடவே வாழ்ந்த மிருகத்தையே கண்ணு அப்படி ஏமாத்துச்சு.

நேத்து ராத்திரி புதுசா ஒரு மெசேஜ். ஏதோ ஏஐ-ல பண்ணின குரங்கு வீடியோவை அனுப்பி, "இது 2 நிமிஷத்துல வந்துச்சு." அதுல குரங்கு கிளைக்குப் பின்னாடி போய் வெளியில வரும்போது வாலைக் காணோம். அது அவங்க கண்ணுல படவே இல்ல. 100-க்கும் மேல சினிமாப் படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஊருங்க இந்தச் சேலம்!

பதில் அனுப்பிட்டேன். சுவர்ல இருந்து இறங்குறது 12 ஃப்ரேம்தான். வால் தொங்காது. தோள்பட்டைக்குக் கன்ட்ரோல் வெச்ச ரிக் வந்தா மிச்ச ஷாட்டைத் தொடறேன். தாவுற ஷாட்டுக்கு ரேட் தனி, ஏற்காட்டுல ரெஃபரன்ஸ் எடுக்கிற ஒரு நாள் அந்தக் கணக்குல சேரும். வேற ஆளைப் பார்த்துக்கிறோம்னு சொன்னா பார்த்துக்கட்டும், இதுவரைக்கும் முடிச்ச செகண்டுகளுக்குப் பணத்தைப் போட்டுட்டு.