உபகரணம்: வாய்ஸ் ரெக்கார்டர் – 1

"மேடம், இந்தத் தடவை போடலாமா?" என்று எங்கள் கல்வியியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிப் பேராசிரியர் கேட்டார். பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் உள் ஆய்வு ஃபெல்லோஷிப்பைத்தான் சொல்கிறார். சுற்றறிக்கை வந்து நான்கு நாளாகிறது. "போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் இரண்டு முறை போட்ட கதை நினைவுக்கு வந்தது. அவரும் இங்கே நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். படிக்கட்டும்.

முதல் முறை நான் எழுதியது நான் செய்ய நினைத்த ஆய்வே இல்லை. கல்வியியல்காரர்களிடம் ஒரு அச்சு உண்டு. ஒரு வினாநிரல், முந்நூறு மாணவர்கள். ஆண் பெண், கிராமம் நகரம், அரசு தனியார் என்று பிரித்து டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனை போட்டு, "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடிப்போம். இந்த அச்சில் எத்தனை பிஎச்.டி. வார்த்திருக்கிறோம் என்று கணக்கே கிடையாது. நானும் வார்த்தவள்தான். படிவத்தில் "தேவைப்படும் உபகரணங்கள்" என்று அரைப் பக்கத்துக்குக் கட்டம் போட்டிருந்தார்கள். காலியாக விட மனம் வராமல் டேப்லெட், சாஃப்ட்வேர் என்று எதையோ எழுதி நிரப்பினேன். நிராகரித்தார்கள். நான் குழுவில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த ஆண்டு எழுதியது வேறு. அதற்குக் காரணம் ஒரு பின்னக் கணக்கு.

டீச்சிங் பிராக்டீஸ் பார்வையிட ஒரு அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு. எங்கள் பி.எட். மாணவி பாடம் நடத்துகிறார். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொல்லி ஒரு பையனைப் போர்டுக்கு அழைத்தார். அவன் மேலே இருந்ததை மேலேயும் கீழே இருந்ததைக் கீழேயும் கூட்டி 2/7 என்று எழுதினான். "தப்பு, உட்காரு" என்று சொல்லிவிட்டு டஸ்டரால் அழித்து, மீ.சி.ம. எடுத்து 7/12 என்று அவரே எழுதி முடித்தார். வகுப்பு முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர், "எல்லாம் நல்லா இருந்துச்சும்மா, போர்டுல எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா எழுது" என்று சொல்லி ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நானும் போட்டேன். அந்தப் பையன் ஏன் 2/7 என்று எழுதினான் என்று நாங்கள் மூன்று பேருமே கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. ஒரு டெஸ்ட்டில் மூன்றுக்கு ஒன்று, இன்னொன்றில் நான்குக்கு ஒன்று வாங்கினால் மொத்தம் ஏழுக்கு இரண்டுதானே? தினமும் மார்க்கை அப்படித்தானே கூட்டுகிறான்? அவனிடம் ஒரு நியாயம் இருந்தது. அதை நாங்கள் டஸ்டரால் துடைத்துவிட்டோம்.

நான் பி.எட். படித்தபோது அது ஓராண்டுப் படிப்பு, பள்ளியில் நாற்பது நாள் பயிற்சி. 2015 முதல் இரண்டாண்டு ஆனது, பள்ளியில் மட்டும் 20 வாரம். இதுதான் என் திட்டம்: அந்த 20 வாரமும் பயிற்சி மாணவரும் வழிகாட்டி ஆசிரியரும் வகுப்பு முடிந்து என்ன பேசிக்கொள்கிறார்கள், அதில் மாணவன் போட்ட தப்பு எங்காவது வருகிறதா என்று பதிவு செய்து கேட்க வேண்டும். ஆறு பள்ளிகள் போதும். உபகரணக் கட்டத்தில் "வாய்ஸ் ரெக்கார்டர் – 1" என்று மட்டும் எழுதினேன்.

குழுவில் இருந்த வேதியியல் பேராசிரியர் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். கேலியாக இல்லை, நல்ல மனிதர். "ஆறு ஸ்கூல்தானா? கன்ட்ரோல் குரூப் எங்கேம்மா?" என்றார். பேச்சைக் கேட்கும் ஆய்வுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக வைக்கும் கன்ட்ரோல் குரூப் எதற்கு என்று விளக்குவதிலேயே எனக்குக் கொடுத்த பத்து நிமிடமும் போயிற்று. அடுத்தது நெறிமுறைக் குழு. அங்கே கொடுத்த படிவத்தில், "எடுக்கப்படும் ரத்த மாதிரியின் அளவு" என்று ஒரு வரி. "இல்லை" என்று எழுதினேன். குழந்தைகளின் குரல் பதிவாகுமே, பெற்றோரிடம் எப்படிச் சம்மதம் வாங்குவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு அதில் இடமே இல்லை, நானே தனித்தாளில் எழுதி இணைத்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை. என்னை உண்மையில் அடித்தது காலண்டர்.

சுற்றறிக்கை ஜூலையில் வந்தது. நேர்காணல் அக்டோபரில் நடந்தது. உத்தரவு கைக்கு வந்தபோது ஜனவரி, பொங்கல் முடிந்திருந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்து, பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்றிதழ் (யூ.சி.) கொடுக்க வேண்டும். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கிப் பள்ளிக்குள் கால் வைத்தால் பிப்ரவரி. ரிவிஷன் டெஸ்ட், பிராக்டிகல், பொதுத்தேர்வு என்று ஸ்டாஃப் ரூமே பரபரப்பாக இருந்தது. தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "ஜூன்ல வாங்க மேடம்" என்றார். அவர் சொன்னது சரி. எங்கள் பிள்ளைகளும் பயிற்சி முடிந்து திரும்பியிருந்தார்கள். யாரைப் பதிவு செய்ய?

ஒரு மணி நேர வகுப்பறைப் பேச்சை எழுத்தாக்க ஆறேழு மணி நேரம் பிடிக்கும். அதைச் செய்பவருக்குக் கூலி கொடுக்கலாமா என்று நிதிப் பிரிவில் கேட்டேன். பொருள் வாங்கலாம், ஆளுக்குக் கொடுக்கச் செலவுத் தலைப்பு இல்லை என்றார்கள். "பிரின்டர் வாங்கிக்கோங்களேன் மேடம், எல்லாரும் அதான் வாங்குறாங்க." நான் ரெக்கார்டரையும் பஸ் செலவையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் செலவழிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. செலவழித்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழகங்களுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் கையேட்டில் மூன்றாவது அளவுகோலாக ஆய்வு இருந்தது. பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களுக்கு ஆய்வைத் தொடங்க எவ்வளவு விதைப் பணம் கொடுத்தது என்று அதில் ஒரு கேள்வி இருந்தது, லட்சக் கணக்கில் விடை எழுத வேண்டும். எத்தனை மணி நேரம் கொடுத்தது என்று கேட்கவில்லை. கேட்காததை எந்த நிர்வாகம் கொடுக்கும்? 2018-ன் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. எங்கள் துறையில் பள்ளிப் பார்வைக்குப் போகிற நாள் அதற்கு மேல்தான் வருகிறது. வேதியியல்காரர் ராத்திரி எட்டு மணிக்கும் ஆய்வகத்தைத் திறந்து வேலை பார்க்கலாம். என் ஆய்வகம் பள்ளிக்கூடம், நாலேகாலுக்குப் பூட்டிவிடுகிறார்கள். எனக்கு ஒன்றரை லட்சம் வேண்டாம். ஜூலை முதல் நவம்பர் வரை வாரம் இரண்டு மதியம் வகுப்பில்லாமல் விட்டால் போதும். அதுதான் எங்களுக்கு ஃபெல்லோஷிப்.

ஆகவே சார், போடுங்கள். ஆனால் அச்சை எடுக்காதீர்கள். காலம் என்ற இடத்தில் "பணி உத்தரவு எந்த மாதம் வந்தாலும் களப்பணி ஜூலையில் தொடங்கும்" என்று எழுதுங்கள். நான் எழுதத் தவறியது அது. பட்ஜெட்டில் வாரம் இரண்டு மதியம் என்று கேளுங்கள். அதற்குக் கட்டம் இருக்காது, தனித்தாளில் இணையுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. அதே தாளில் துறைத்தலைவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள், பின்னால் டைம்டேபிள் போடும்போது உதவும்.

ரெக்கார்டர் என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது, ஸ்டாக் ரெஜிஸ்டர் எண் ஒட்டியபடியே. கணக்கை முடித்த பிறகு வந்த ஜூனில் சொந்தச் செலவில் இரண்டு பள்ளிகளுக்கு எடுத்துப் போனேன், மீதி நான்கு நிற்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மட்டும் புதிதாகப் போட வேண்டும்.