ரீடிங் ஹாலில் ஒட்டுக்கேட்பவர்களுக்கு

பல்கலைக்கழக லைப்ரரியில் பக்கத்து மேசையில் கேட்டதை அப்படியே பதிவாகப் போடும் பழக்கம் பெருகிவிட்டது. காதல் முறிவு, கைடைப் பற்றிய புலம்பல், அரியர் பயம், எதுவும் மிச்சமில்லை. லைக்கும் விழுகிறது. எனக்கு இதில் இரண்டு ஆட்சேபம். ஒன்று, அது அடுத்தவர் பேச்சு. இரண்டாவது, அது கவனிப்பே இல்லை. காதில் தானாக வந்து விழுந்ததை எழுத என்ன திறமை வேண்டும்?

தானாக விழுகிறது என்பது உண்மைதான். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, காற்று மட்டும் உரசிக்கொண்டு வருகிறது. அதனால் ஸ், ஷ் போன்ற கூரான ஒலிகள் துருத்திக்கொண்டு நிற்கும். அமைதியான ஹாலில் காதை இழுப்பது அவைதான். தாழ்ந்த குரலில் சாதாரணமாகப் பேசுவதே தேவலை என்பேன். போன் பேச்சு இன்னும் மோசம். எதிர்முனை என்ன சொல்லியிருக்கும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கும். லாரன் எம்பர்சன் குழுவின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், இருவர் உரையாடலைக் கேட்டவர்களைவிட ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்களுக்கே கவனம் அதிகம் சிதறியது.

போன் வந்ததும் ரேக்குகளுக்கு நடுவே போய் நிற்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. புத்தகங்களுக்கு மேலே நாலு விரல் இடைவெளி இருக்கும். பேச்சு அதன் வழியே அடுத்த சந்துக்குப் போய்விடும். யாரும் கண்ணில் படவில்லை என்பதால் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்து, வீட்டுச் சண்டை முழுவதையும் அங்கே நின்று பேசி முடிப்பார்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது நாற்காலிகளை. நாலு பேர் மேசையில் முதலில் வருபவர் ஓரம் பிடிப்பார், முடிந்தால் பிளக் பாயின்ட் பக்கம். இரண்டாமவர் பெரும்பாலும் குறுக்காக எதிர் மூலையில் உட்காருவார். அதோடு அந்த மேசை 'நிரம்பிவிட்டது'. மூன்றாமவர் ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வேறு வழியில்லாமல்தான் அங்கே வருவார். பாதி நாற்காலி காலியாக இருந்தும் இடமில்லை என்ற புகார் வருவது இதனால்தான். பக்கத்து நாற்காலியில் பை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நான்சி ஃபெலிப்பே, ராபர்ட் சோமர் இருவரும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், லைப்ரரியில் தனியாகப் படித்துக்கொண்டிருந்த மாணவிகளின் பக்கத்திலேயே ஒருவர் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் சுமார் 70 சதவீதம் பேர் எழுந்து போய்விட்டார்கள். போகுமுன் தோளைத் திருப்பினார்கள், முழங்கையை ஊன்றினார்கள், புத்தகத்தை நடுவே தடுப்பாக வைத்தார்கள். தள்ளி உட்காரச் சொன்னவர் அபூர்வம். பேச்சே இல்லாத இந்தப் பேச்சை எத்தனை பேர் எழுதுகிறார்கள்?

உருப்படியாகக் கவனிக்க நினைத்தால் ஹாலின் படத்தை ஒரு தாளில் வரைந்து நாற்காலிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நடந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போடுங்கள்: ஆள், பை மட்டும், காலி. தவறு நடப்பது இரண்டாவதில்தான். பையை ஆள் கணக்கில் சேர்த்தால் கூட்டம் உப்பிவிடும். நடுவில் திரும்பி நடந்தால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணிவிடுவோம். பரீட்சை வாரத்தில் மட்டும் எண்ணிவிட்டு 'மாணவர்கள் இப்படித்தான்' என்று எழுதுவது வீண்வேலை. எதிரே உட்கார்ந்து பார்ப்பதும் உதவாது, பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் நடத்தை மாறிவிடும்.

இடம் தேடுபவர்களுக்கு உபரியாக ஒன்று. லேப்டாப்பை மூடினால் நம்பாதீர்கள், அவர் டீ குடிக்கப் போகலாம். சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டினால்தான் கிளம்புகிறார்.

பேச்சைத்தான் எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: பெயரை எடுத்தால் மட்டும் போதாது. துறை, வருடம், பை நிறம், வழக்கமாக உட்காரும் ஜன்னல், இதில் இரண்டு சேர்ந்தாலே வகுப்பில் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பதிவு அந்த ஆளின் கண்ணிலேயே படவும் செய்யும். போட்டோ கூடவே கூடாது, முதுகுப் பக்கமாக எடுத்தாலும் சரி.

சத்தம் தாங்கவில்லையென்றால் 'உஷ்' போடாதீர்கள். அதுவும் அதே கூரான ஒலிதான், ஹால் முழுவதும் திரும்பிப் பார்க்கும். ஒரு மேசையில் சத்தம் கூடினால் அடுத்த மேசையும் தன்னையறியாமல் குரலை உயர்த்தும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911இலேயே விவரித்த விஷயம். ஆகவே தொடக்கத்திலேயே எழுந்து போய், குனிந்து, தாழ்ந்த குரலில் "கொஞ்சம் மெதுவா பேசுறீங்களா, ப்ளீஸ்" என்று கேளுங்கள். காதில் ஹெட்போன் இருந்தால் முதலில் கையைக் காட்டுங்கள். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது பாதி நேரம் அவருக்கே தெரிந்திருக்காது.