மூன்றே நாள் மாத்திரைதானே?

ஞாயிற்றுக்கிழமை நான் குடும்பக் குழுவிலிருந்து வெளியேறிய கதை இதற்குள் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் வேறு சுற்றுகிறதாம். அதில் நான் கடைசியாகக் கத்தியது மட்டும் இருக்கிறது, அதற்கு முன்னால் எனக்கு வந்த பதில்கள் எதுவும் இல்லை என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம்.

நடந்தது இதுதான். குழுவில் ஒருவரின் பையனுக்குச் சளி, தொண்டை வலி, லேசாகக் காய்ச்சல். "எங்களிடம் அஸித்ரோமைசின் மிச்சம் இருக்கிறது, மூன்று நாள் போட்டால் பறந்துவிடும்" என்றார் பெரிய மாமா. கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். சளி வைரஸால் வருவது, அதற்கு அஸித்ரோமைசின் மாதிரி பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள் என்று மட்டும்தான் நான் எழுதினேன். உடனே ஒருவர், "அவரவர் உடம்பு, அவரவர் மாத்திரை. உனக்கென்ன நஷ்டம்?"

எனக்கென்ன நஷ்டமா?

தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போட்டால் அதற்குப் பழகிப்போவது உங்கள் உடம்பு இல்லை. கிருமி. உடம்பு பழகினால் அது உங்களோடு போயிற்று, நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் கிருமி உங்களோடு நிற்பதில்லை. கையில், கழிப்பறையில், தண்ணீரில் ஏறி அடுத்தவரிடம் போகும். போதாததற்கு, மருந்தை எதிர்க்கத் தன்னிடம் உள்ள மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும்.

(தமிழில் 'எதிர்ப்பு சக்தி' என்றாலே நல்ல விஷயம் என்று மனதில் பதிந்துவிட்டது. "எதிர்ப்பு வந்தால் நல்லதுதானே?" என்று குழுவில் ஒருவர் நிஜமாகவே கேட்டார். நமக்கு வந்தால் நல்லது சார். கிருமிக்கு வந்தால்?)

மூன்றே நாள்தானே என்கிறீர்கள். இதே அஸித்ரோமைசினை, இதே மூன்று நாள், ஆரோக்கியமாக இருந்த தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அவர்கள் தொண்டையில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவற்றின் பங்கு சட்டென்று ஏறியது. ஆறு மாதம் வரை பழைய நிலைக்கு இறங்கவில்லை. "கோர்ஸை முழுசாக முடித்தால் ஒன்றும் ஆகாது" என்று பாடம் எடுத்தவருக்கு: அவர்களுக்குக் கொடுத்ததும் முழு கோர்ஸ்தான்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்ததும் இல்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே ஒரு கற்பனைக் கணவரைப் பற்றிச் சொன்னார். அவருக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கிக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது, பெனிசிலின் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். கவனியுங்கள், மாத்திரை போட்டவர் சாகவில்லை.

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. அதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை, தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவர். முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ. கோலை என்ற பாக்டீரியா, மருந்துப் பெயர்களுக்கு நேரே ஆர், ஆர், ஆர் (கேட்காது என்று அர்த்தம்) என்று இறங்கிக்கொண்டே போனது. அடியில் இரண்டு மூன்று 'எஸ்' (கேட்கும்), அத்தனையும் ஊசிகள். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. நான்காம் நாள் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் கையை மாற்றி மாற்றித் தேடினார்கள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமீபத்தில் எங்காவது அட்மிட் ஆனாரா, ஆன்டிபயாடிக் எடுத்தாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். "இப்போது இதெல்லாம் வெளியிலேயே சுற்றுகிறது" என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

அப்போது பார்க்க வந்த பெரிய மாமா, "மாத்திரையே போடாதவளுக்கா இப்படி?" என்று கலங்கினார். அதே மாமா.

அவர் மிச்சம் வைத்த மாத்திரையால்தான் அம்மாவுக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வழியே இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று எந்த ரிப்போர்ட்டிலும் போடமாட்டார்கள். கல்லூரி விடுதியில் அறைத்தோழன் மிச்சம் வைத்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளை விழுங்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று திரிந்தவன் நான். நானாகவும் இருக்கலாம்.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. மாமாவும் இல்லை, அவரை யாரும் கேட்கவில்லை.

"டாக்டர்களே எழுதித் தள்ளுகிறார்கள், பண்ணைகளில் மாட்டுக்கும் கோழிக்கும் கொட்டுகிறார்கள்." உண்மை. அதைத் திட்டி நான் எழுதியபோது லைக் போட்டவர்கள்தானே நீங்கள்?

"டாக்டரிடம் போக வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" இது நியாயமான கேள்வி. தேவைப்படும்போது ஆன்டிபயாடிக் கிடைக்காமல் சாகிறவர்களும் உண்டு, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் அந்த நிலையில் ஒருவர்கூட இல்லை. உங்கள் சோம்பலுக்கு ஏழைகளைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள்.

அப்புறம் அந்த "சும்மா பயமுறுத்தாதே". மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்பது 2022-ல் வெளியான மதிப்பீடு. பயமுறுத்துவது நானா?

பையனுக்குச் சரியாகிவிட்டதாம். மாத்திரை கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. கொடுத்திருந்தால் புகழ் மாத்திரைக்கு. கொடுக்காவிட்டாலும் சளி போயிருக்கும், அதை யாரும் எனக்கு வந்து சொல்லப்போவதில்லை.

அம்மா இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்திருக்கிறார். என் பக்கம் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது, "மாமாவுக்கு ஒரு போன் பண்ணிவிடு" என்றார். இன்னும் பண்ணவில்லை.