சி.இ.ஏ. நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள்

சி.இ.ஏ. போன்ற 'புற்றுநோய் மார்க்கர்' (கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய புரதம்) சேர்த்த ரத்தச் சோதனை பேக்கேஜுக்குக் காசு கட்டி, ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் மூன்று வாரமாக விடாத இருமலை மறந்துவிடுவது ஆபத்து. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இருக்கும் நம் மக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தத்தை மட்டும் வைத்து நுரையீரல் புற்றுநோயை உறுதி செய்ய முடியாது. சிகரெட் பிடிப்பவருக்குப் புற்றுநோய் இல்லாமலேயே சி.இ.ஏ. ஏறும். ஆரம்பக் கட்டத்தில் கட்டி இருப்பவருக்கோ பல நேரம் நார்மலாகவே இருக்கும்.

அந்தக் காசுக்கு, சாதாரண ரிப்போர்ட்டின் சில வரிகளை ஒழுங்காகப் படிப்பதே மேல். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) 450 ஆயிரத்தைத் தாண்டினால் புற்றுநோயும் காரணமாக இருக்கலாம், தேட வேண்டும். இரும்புச்சத்துக் குறைவிலும் அது ஏறும், நம் பெண்களிடம் அது சகஜம்தான். அதற்காக இருமல் இருக்கும்போது இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. சோடியம் 135 மில்லிமோலுக்குக் கீழே போனால், ஸ்மால் செல் என்னும் வகை நுரையீரல் கட்டி ஒரு ஹார்மோனைச் சுரந்து உடம்பில் தண்ணீரைத் தேக்குவதாலும் இருக்கலாம். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையும் சோடியத்தை இறக்கும். அதனால் மருந்துப் பையை அப்படியே டாக்டர் மேசையில் வையுங்கள்.

புற்றுநோயால் கால்சியமும் ஏறலாம், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதம் குறைந்தவருக்குக் கால்சியம் பார்வைக்குச் சரியாகத் தெரியும். அல்புமின் 40-லிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.02 மில்லிமோல் கூட்ட வேண்டும். ரிப்போர்ட்டில் கால்சியம் 2.50, அல்புமின் 28 என்றால் உண்மையான கணக்கு 2.74. 2.6-க்கு மேலே போனாலே அதிகம். கூடவே ஓயாத தாகம், மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவை எல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே. காசநோயா என்று பார்க்கச் சளியும் கொடுக்க வேண்டும். இதயத்துக்குப் பின்னாலும் காறை எலும்புக்குக் கீழேயும் ஒளிந்திருக்கும் கட்டி எக்ஸ்ரேயில் தப்பிவிடும். எக்ஸ்ரே 'கிளியர்' என்று சொல்லியும் இருமல் நிற்கவில்லை, எடை குறைகிறது, சளியில் ரத்தம் வருகிறது என்றால், ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதச் சொல்லி விடாமல் கேளுங்கள். அங்கே சி.டி. ஸ்கேன், பிறகு திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. நோயை உறுதி செய்வது அந்தத் திசுதான்.

இங்கே ரத்தச் சோதனைக்கு மறுபடியும் வேலை உண்டு. ஸ்கேனுக்கு ஊசி மருந்து ஏற்றுமுன் சிறுநீரகத்தைப் பார்க்க கிரியாட்டினின், பயாப்சிக்கு முன் ரத்தம் உறையும் நேரம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் தேதி வாங்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.