கேஸ் போடாத மெக்கானிக்

(பாளையங்கோட்டை, வைகாசி மாசம், மேற்குப் பார்த்த மாடி ரூம். அண்ணாச்சி ரிட்டையர்டு ஆனவர். தம்பி ஏசி மெக்கானிக்.)

அண்ணாச்சி: சிலிண்டர எங்க?

தம்பி: எந்த சிலிண்டரு?

அண்ணாச்சி: கேஸ் சிலிண்டரு! பம்பு, வாளி, பிளாஸ்டிக் பையின்னு தூக்கிட்டு வந்து நிக்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கவா கூப்பிட்டேன்?

தம்பி: குளிரலன்னுதான அண்ணாச்சி போன் போட்டிய. ஏன் குளிரலன்னு மொதல்ல பாப்போம்.

அண்ணாச்சி: இதுல பாக்க என்ன இருக்கு? கேஸ் தீந்துட்டு. வருசா வருசம் சித்திரையில போட்டுருவேன். இந்த வருசம் ஒரு மாசம் தள்ளிப் போச்சு.

தம்பி: மெஷின் வாங்கி எத்தன வருசம்?

அண்ணாச்சி: நாலு. மூணு மட்டம் போட்டாச்சு. மட்டத்துக்கு 2,500 ரூவா.

தம்பி: அடுப்பு கேஸ் எரிஞ்சு தீரும் அண்ணாச்சி. இது அப்படிச் செலவாகாது. கம்ப்ரசருக்கும் காயிலுக்கும் நடுவுல குழாய்க்குள்ளயே சுத்திட்டுக் கெடக்கும். ஓட்டை விழாத வரைக்கும் மெஷின் ஆயுசுக்கும் அதே கேஸுதான். வெளி யூனிட்டு தகட்டுலயே போட்டிருக்கு பாருங்க, ஆர் 32-ங்குத கேஸு, 700 கிராம். மூணு மட்டம் போட்டான்னா, ஒண்ணு ஓட்டை இருந்திருக்கணும், அத அடைக்காம நெறப்பிட்டுப் போயிருக்கான். இல்ல, ஓட்டையும் இல்ல, அவன் கேஸும் போடல.

அண்ணாச்சி: மீட்டர மாட்டிக் காட்டுனானே! முள்ளு ஏறிச்சே! என் கண்ணால பாத்தேன்.

தம்பி: இன்வெர்ட்டர் ஏசின்னா கம்ப்ரசர் வேகம் கூடும், கொறயும். வேகமா ஓடுனா பிரஷர் கொறஞ்சு அந்த முள்ளு எறங்கும், மெதுவா ஓடுனா ஏறும். 16-ல இருக்க ரிமோட்ட 26-க்கு மாத்துனாலே ஏறிரும். அதுக்கு கேஸ் வேண்டாம், வெரல் போதும்.

அண்ணாச்சி: (கொஞ்ச நேரம் யோசித்து) அவன் ரிமோட்ட கையிலதான் வச்சிருந்தான்.

தம்பி: நிஜமாவே கேஸ் போடணும்னா, மொதல்ல நட்டு, ஜாயிண்ட்டுல சோப்பு நொரை தடவி ஓட்டையக் கண்டுபிடிக்கணும். அடைச்சுட்டு நைட்ரஜன் ஏத்தி நிக்கான்னு பாக்கணும். வேக்குவம் பம்ப மாட்டி உள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் உருவணும். பெறவு தராசுல வச்சு 700 கிராம் நிறுத்துப் போடணும். அவன் தராசு கொண்டு வந்தானா?

அண்ணாச்சி: தராசா? அவன் என்ன கத்திரிக்கா விக்கவா வந்தான்? பத்தே நிமிசத்துல முடிச்சிட்டுப் போயிட்டான். கைராசிக்காரன்.

தம்பி: ராசி அவனுக்குத்தான். பில்டர் எப்பக் கழுவுனிய?

அண்ணாச்சி: அது கம்பெனிக்காரன் மாட்டுனதுல்லா? நாம தொடலாமா?

(தம்பி மூடியைத் தூக்கிப் பில்டரை உருவுகிறார். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் வேப்பமரம் தெரியவில்லை. விரலால் ஒரு கோடு இழுக்கிறார். கோட்டு அகலத்துக்கு மட்டும் மரம் தெரிகிறது.)

தம்பி: இதுக்குள்ள காத்து எங்கன நுழையும்? காத்து போகாட்டா காயில் அளவுக்கு மிஞ்சிக் குளிந்து ஐஸ் கட்டிரும். ஐஸ் கட்டுனா இருக்க காத்தும் நின்னுரும். மெஷின அமத்துனதும் ஐஸ் உருகி சுவத்துல ஒழுகும். ஒழுகிச்சா?

அண்ணாச்சி: ஒழுகிச்சு. அதான் கேஸ்...

தம்பி: ரெண்டு வாரத்துக்கு ஒருக்க பைப்புத் தண்ணியில கழுவி, நெழல்ல காயப் போட்டு மாட்டணும். வெந்நி ஊத்தாதிய, சட்டம் கோணிரும். ஆனி ஆடியில வாரம் ஒருக்க. தென்காசிக்காரவளுக்கு அந்தக் காத்துல சாரல் வரும், நமக்கு புழுதிதான் வரும்.

அண்ணாச்சி: சரி, கழுவியாச்சு. கேஸு?

(மெயினை அணைத்து, போர்டைப் பிளாஸ்டிக்கால் மூடி, யூனிட்டுக்குக் கீழே பையைக் கட்டி, பம்பை ஓட்டுகிறார். தண்ணீர் காயில் தகடுகளோடு மேலிருந்து கீழாகப் போகிறது. குறுக்கே அடித்தால் தகடு மடங்கிக்கொள்ளும். அடுத்து புளோயர் உருளை. வாளியில் கறுப்பாக விழுகிறது.)

அண்ணாச்சி: ஆத்தாடி! இதென்ன, பழைய கேஸா?

தம்பி: நீங்க நாலு வருசமா மூச்சு இழுத்த காத்து.

அண்ணாச்சி: அந்த டிரெயின் பைப்ப மட்டும் அசைக்காத. வாளித் தண்ணிக்குள்ள முக்கி வச்சிருக்கேன். ஒரு சொட்டு வீணாகாது.

தம்பி: பைப்பு நுனி தண்ணிக்குள்ள முங்குனா உள்ள காத்து அடைச்சுக்கிடும், தண்ணி எறங்காது. சுவரு ஊறுனதுக்கு இது ரெண்டாவது காரணம். நுனி வாளிக்கு மேல தொங்கணும், வழி நெடுக சரிவா இருக்கணும். இந்தத் தண்ணிய என்ன செய்யுதிய?

அண்ணாச்சி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துதேன். சுத்தமான தண்ணில்லா!

தம்பி: (கறுப்பு வாளியைக் காட்டி) இது மேல ஓடி வந்த தண்ணிதான் அது. செடிக்கு ஊத்துங்க. பேட்டரி பாவம்.

(வெளியே போகிறார்கள். வெளி யூனிட்டைக் காணோம். காதுகுத்து பிளக்ஸ் ஒன்று சணல் கட்டோடு நிற்கிறது. அதற்குள்ளிருந்து உறுமல் கேட்கிறது.)

தம்பி: இதென்ன அண்ணாச்சி?

அண்ணாச்சி: பேத்தி காதுகுத்துக்கு அடிச்சது. சாயங்கால வெயில் மெஷின் மேல நேரா அடிக்கும்லா, பாதுகாப்பு.

தம்பி: உள்ள இருக்க சூட்ட வெளிய தள்ளுத எடம் இதுதான். சுத்தி மூடிட்டா அதே சூட்ட அதே இழுத்துக்கிடும். கம்ப்ரசர் தெணறும், கரண்டு கூடும், குளிர் கொறயும். கொஞ்ச நாள்ல டிரிப் ஆகும். நெழலு வேணும்னா ஓரடி ஒசரத்துல தகடு போடுங்க. முன்னால ரெண்டடி, பின்னால அரையடி சும்மா கெடக்கணும்.

அண்ணாச்சி: பேத்தி படம் இருக்கு. கிழிச்சிராத.

தம்பி: கிழிக்கல. மடக்கி வையுங்க, கல்யாணத்துக்கு ஆவும்.

(பிளக்ஸ் அவிழ்கிறது. பேத்தியின் மூக்கு இருந்த இடத்தில் விசிறி. பின்புறக் காயிலையும் கழுவி, நட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார். ஒரு குமிழி இல்லை. கால் மணி நேரம் ஓடவிட்டு உள்ளே வந்து தெர்மாமீட்டரை வைக்கிறார்.)

தம்பி: உள்ள போற காத்து 29, வெளிய வாரது 17. 12 டிகிரி வித்தியாசம். கேஸ் கணக்கா இருக்கு.

அண்ணாச்சி: எனக்குத் தெரியாம போட்டுட்டியா?

தம்பி: போடல.

அண்ணாச்சி: பெறவு எப்படிக் குளுருது?

தம்பி: (பதில் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து 25 வைக்கிறார்.)

அண்ணாச்சி: 16 வையி! சீக்கிரம் குளிரட்டும்.

தம்பி: 16 வச்சாலும் 25 வச்சாலும் கம்ப்ரசர் மொதல்ல முழு வேகத்துலதான் ஓடும். 25-ன்னா ரூம் குளிந்ததும் வேகத்தக் கொறைக்கும். 16-ன்னா, கான்கிரீட் தட்டட்டி ராத்திரி பூரா சூட்டக் கக்குத இந்த மாடியில அந்த 16 வரவே செய்யாது, விடியுத வரைக்கும் ஓடிட்டே கெடக்கும். ஒரு டிகிரி கூட்டுனா சுமாரா 6 சதவீதம் கரண்டு மிச்சம். 2020-ல இருந்து ஸ்டார் போட்ட ஏசிய ஆன் பண்ணுனா 24-லதான் நிக்கணும்னே கவர்மெண்டு சொல்லியாச்சு. நீங்க அதயும் எறக்கி 16 வச்சுட்டு கம்பளியப் போத்துதிய.

அண்ணாச்சி: 5 ஸ்டாருல்லா வாங்கிருக்கேன்! இஷ்டத்துக்கு வைக்கலாம்னுதான அம்புட்டு வெல?

தம்பி: ஸ்டிக்கர்ல இருக்க யூனிட்டு, வருசத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுனா வார கணக்கு. நீங்க அத அஞ்சு மாசத்துல ஓட்டிருதிய. கரண்டு பில்லுல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டத் தாண்டுனா, தாண்டுனதுக்கு மட்டும் ரேட்டு கூடும்னு நெனைக்காதிய. கீழ்ப் படியில கெடச்ச மலிவு ரேட்டும் போயிரும். புதுசா வாங்குதவங்க ஸ்டிக்கர்ல வருசத்தயும் பாக்கணும். ISEER-னு ஒரு எண்ணு இருக்கும், தின்ன கரண்டுக்கு எம்புட்டுக் குளிர் தருதுங்குத அளவு. 2018 கணக்குல அது 4.5 இருந்தா 5 ஸ்டாரு. 2022 ஜூலையில வந்த கணக்குல அதே மெஷினு 4 ஸ்டாரா எறங்கிட்டு.

அண்ணாச்சி: சரிப்பா, எம்புட்டு?

தம்பி: 700.

அண்ணாச்சி: எழுநூறா! கேஸே போடலியே! தண்ணி எங்க வீட்டுது, கரண்டு எங்க வீட்டுது. 400 வாங்கிக்க.

தம்பி: பத்து நிமிசம் நின்னு முள்ளக் காட்டுனவனுக்கு கேள்வி கேக்காம மூணு மட்டம் 2,500 எண்ணிக் குடுத்திய. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு அழுக்கக் கழுவுனவன்கிட்ட 300 கொறைக்கிய. கழுவுனா கூலி கெடைக்காது, கேஸ்னா கெடைக்கும்னு நீங்கதான் அண்ணாச்சி ஊர்ல இருக்க பயலுவளுக்குப் பழக்கி விட்டது.

(ஒரு நிமிஷம் ஏசி மட்டும் பேசுகிறது.)

அண்ணாச்சி: இந்தா, 700. ஆனா பில்லுல கேஸுன்னு ஒரு வரி எழுதிரு.

தம்பி: எதுக்கு?

அண்ணாச்சி: மருமவன் வீட்டுல போன வாரந்தான் கேஸ் போட்டாவ. நான் போடலன்னா நல்லாவா இருக்கும்?

தம்பி: (எழுதிக்கொண்டே) கேஸ், சரியா இருக்கு. ரூவா, பூஜ்யம்.