முதலாம் ஆண்டு ரீச்சரையும் கூப்பிடுங்கோ
அமெரிக்காவில ஒரு மாநில சட்டசபையில நல்லாப் படிப்பிக்கிற ஆரம்பப் பள்ளி ரீச்சர்மாரைக் கூப்பிட்டுப் பாராட்டினவையாம் எண்டு வாசிக்க உண்மையா கண் கலங்கிட்டுது. இலங்கை வடக்கில எங்கட பக்கம் ஐஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை றிசல்ட் வந்தா தரம் 5 ரீச்சருக்குத்தான் மாலை, அந்தப் பிள்ளைக்கு பென்சில் பிடிக்கப் பழக்கின முதலாம் ஆண்டு ரீச்சரை ஒருத்தரும் நினைக்கிறேல்ல. 2009ல போரால இடம்பெயர்ந்த ஆக்களை வச்சிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில என்ர மகளுக்கு ஒரு ரீச்சர் படிப்பிச்சவா, கொப்பி இல்ல பென்சில் இல்ல, தறப்பாளுக்குக் கீழ புழுதிய உள்ளங்கையால தடவி சமனாக்கிப்போட்டு பிள்ளையின்ர விரலைப் பிடிச்சு 'அ' எழுத வச்சவா, அவாவும் எங்களைப்போல முள்ளிவாய்க்காலால வெறுங்கையோட வந்தவாதான். மகள் இப்பவும் அவாவைக் கண்டா சைக்கிளால இறங்கித்தான் கதைப்பாள். வடமாகாண சபையின்ர காலம் 2018 ஒக்டோபரோட முடிஞ்சுது, இப்பிடிக் கூப்பிட்டுக் கௌரவிக்க எங்களுக்கு அந்த சபையும் இல்லாமப் போச்சு. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்காவது கல்விப் பணிமனை ஆக்கள் முல்லைத்தீவில ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கம் உள்ளுக்க இருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் 1ம், 2ம் ஆண்டு ரீச்சர்மாரை தாய் தேப்பன்மாருக்கு முன்னால மேடையில ஏத்துங்கோ, பெரிய செலவொண்டும் இல்ல.