எல் நினோவும் எங்கள் கண்மாயும்

பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாவதுதான் எல் நினோ. அது தலைகாட்டும் ஆண்டுகளில் ஜூன் மாதமே செய்தி வந்துவிடுகிறது: இந்த ஆண்டு மழை குறையும். சிவகங்கைப் பக்கம் கண்மாயை நம்பி விதைக்கிறவர்கள் அதைக் கேட்டுக் கலங்குகிறார்கள். செய்தி பேசுவது தென்மேற்குப் பருவமழையைப் பற்றி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரத்தில் ஊருணியும் கண்மாயும் பெருகுவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையால். எல் நினோ தென்மேற்கைப் பெரும்பாலும் நலியச் செய்கிறது. வடகிழக்கையோ கூட்டிக் கொடுக்கும் பக்கமாகவே சாய்கிறது. 2015இல் வலுவான எல் நினோ இருந்தது. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது.

அப்படியானால் எல் நினோவின் எதிர்முகமான லா நினா, அதாவது அதே கடல் வழக்கத்தைவிடக் குளிர்வது, வந்தால் நமக்குப் பஞ்சமா? 2016 அப்படித்தான் நம்ப வைக்கும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. ஆனால் 2010உம் 2021உம்கூட லா நினா ஆண்டுகள்தான். இரண்டிலும் வடகிழக்குப் பருவமழை இயல்பைத் தாண்டிக் கொட்டியது. இந்தியப் பெருங்கடலின் வெப்பம், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே நகரும் மேகக்கூட்டம், வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் எல்லாமே மழையில் கை வைக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆரூடம் சொல்வது விவசாயிக்குச் செய்யும் தீங்கு என்பது என் உறுதியான கருத்து. மழை, வெப்பம், காற்றழுத்தம் போன்று மாறிக்கொண்டே இருக்கும் பல அளவுகளை, அதாவது மாறிகளை, சேர்த்துப் பார்க்கும் பன்மாறிப் பகுப்பாய்வுக்கும், அதிலேயே வாழ்நாளைக் கழிக்கும் புள்ளியியலாளர்களுக்கும் நாம் உரிய மதிப்பைத் தரவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் நான். பன்மாறிப் பகுப்பாய்வை மாணவர்களுக்கு விளக்க நம் ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வேன். ரங்கூன், மோல்மேன், பினாங்கு என்று கடை வைத்திருந்த ஒரு நகரத்தார் வீட்டில், எல்லாக் கடைப் பேரேடுகளும் ஒருவர் முன் விரிந்திருக்கின்றன. ஒவ்வொரு கடையிலும் வரவு தனித்தனியாக ஏறி இறங்குகிறது. கூர்ந்து பார்க்கிறவருக்கு, பல கடைகள் ஒரே சமயத்தில் ஏறுவதும் ஒரே சமயத்தில் இறங்குவதும் தெரியும். பின்னால் இருப்பது அரிசி விலை என்ற ஒரே காரணமாக இருக்கலாம். நூறு மழைமானிகளின் ஐம்பது ஆண்டுப் பதிவுகளில் இப்படிச் சேர்ந்து அசையும் ஒரு சில போக்குகளைப் பிரித்தெடுப்பதுதான் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. 1901இல் கார்ல் பியர்சன் வித்திட்டார், 1933இல் ஹோட்டெலிங் வளர்த்தார், 1956இல் எட்வர்ட் லோரென்ஸ் அதை வானிலைக் கணிப்புக்குக் கொண்டுவந்தார். பிரித்தெடுத்த கூறுக்கு இயற்கையில் உண்மையாகவே ஒரு காரணம் உண்டா, அல்லது அது கணக்கின் விளைவு மட்டும்தானா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழுகிறது. கணினி அதற்குப் பதில் சொல்வதில்லை. ஆராய்ச்சியாளரின் பல ஆண்டுகள் அங்கேதான் கழிகின்றன.

இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1936இல் வரையறுத்த தொலைவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு நவம்பரில் 200 மில்லிமீட்டர் மழை பெய்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் வியப்பில்லை. அந்த மாதத்தில் மழை நாட்கள், அதாவது 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்த நாட்கள், மூன்றே மூன்று. அதுவும் தனியாகப் பார்த்தால் நடக்கக்கூடியதே. இரண்டும் சேர்ந்து வருவது அரிது. பதினைந்து நாள் பரவிப் பெய்தால் வரத்துக்காலில் நீர் நிதானமாக வந்து கண்மாய் நிறையும். மூன்றே நாளில் கொட்டினால் கலுங்கு தாங்காது, கரை உடையும். மாத மொத்தத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் ஒரே எண். மாறிகளுக்கு இடையிலான உறவையும் கணக்கில் கொண்டு, ‘இந்த மாதம் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது’ என்று அளப்பது மகலனோபிஸ் தொலைவு. கண்மாய்ப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கும் கூட்டங்களில் சராசரி மழையைத் தவிர வேறு எண்ணை எவரும் கேட்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த மகலனோபிஸ் சில ஆண்டுகள் வானிலைத் துறையில் பணியாற்றியவர். 1926இல் ஒரிசாவில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். அவர் பல பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, கரையை உயர்த்துவதால் பயனில்லை என்று காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்த வாழ்க்கை கில்பர்ட் வாக்கருடையது. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்; 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானபோது வானிலை அவருக்குப் புதிது. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது பணி. உலகின் பல நிலையங்களின் அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை இந்திய எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிட்டு, எது எதோடு தொடர்புடையது என்று தேடினார். அதைவிடப் பெரிது 1914இல் அவர் தந்த எச்சரிக்கை: நூற்றுக்கணக்கான தொடர்புகளைக் கணக்கிட்டால், அவற்றில் மிகப் பெரியது தற்செயலாகவே பெரிதாக வந்திருக்கலாம்; எத்தனையில் தேடி எடுத்தோம் என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும். தன் தேடலுக்குத் தானே கடிவாளம் போட்ட அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்த எச்சரிக்கை இன்றும் பழசாகவில்லை. 1988 முதல் நம் வானிலைத் துறை 16 காரணிகளை வைத்துப் பருவமழையைக் கணித்துவந்தது. 2002இல் இயல்பான மழை என்றது; நாடு 19 சதவீதப் பற்றாக்குறையில் தவித்தது. அடுத்த ஆண்டே அந்த முறை மாற்றப்பட்டது. காரணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கடந்த காலம் அழகாகப் பொருந்தும். வரப்போகும் ஆண்டுக்கு அது உறுதி தராது.

வாக்கர் கண்ட தென் அலைவு, பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்கும் போக்கு. அதை எல் நினோவோடு பிணைத்து வானிலையியலாளர் பியர்க்னெஸ் விளக்கியது 1969இல். வாக்கர் 1958இலேயே இறந்துவிட்டார்.

இவ்வளவு காலம் காத்திருக்கும் துறை என்று தெரிந்தும், புள்ளியியல் படிக்க விரும்பும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள். “சார், வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார்கள்” என்று தயங்கி நிற்கும் மாணவியிடம், வங்கி வேலை தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவளுடைய பெற்றோரிடம் பேசவே விரும்புகிறேன். கொல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. விஞ்ஞானக் கூடம் வரட்டும் என்று அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்த ஊர் இந்தக் காரைக்குடி. அந்த ஊரில், மகள் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால் “அதில் என்ன வருமானம்?” என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்தத் தேர்வு, எந்தப் பாடம், எங்கே உதவித்தொகை என்று உட்கார்ந்து பேசலாம்.